வண்டி போவட்டும்

ஆலங்குளம். திருநெல்வேலி–தென்காசி சாலை. சாரல் ஓய்ந்த காலை. சாலையோரம் சல்லியும் கிராவலும் கலந்து விரித்திருக்கிறார்கள்.

ரோலர் வருகிறது. முதல் ஓட்டத்தில் மண் கண்ணுக்குத் தெரிய இறங்குகிறது. இரண்டாவது ஓட்டத்தில் கொஞ்சம். ஐந்தாவதில் இறங்குவது தெரியவில்லை. டிரம் மட்டும் அதிர்கிறது. டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்களும் அதிர்கின்றன. கடைக்காரர் அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்.

உள்ளே கற்கள் புரள்கின்றன. பெரிய கல்லின் இடுக்கில் சின்னது நுழைகிறது. கூர்முனை உடைகிறது. உடைந்த தூள் மிச்ச இடத்தை அடைக்கிறது. பாரம் நீங்கியதும் மண் சற்று மேலெழும்புகிறது. இறங்கிய அளவுக்கு எழும்புவதில்லை.

ரோலர் நிற்கிறது. ஓர் இளைஞர் குத்தவைத்து உட்காருகிறார். நடுவில் வட்டத் துளை உள்ள தட்டு. உளி. சுத்தியல். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி. தோண்டிய மண்ணைத் துளி சிந்தாமல் பையில் அள்ளுகிறார். குழியின் விளிம்பைப் பிரஷ்ஷால் கூட்டுகிறார். பையை எடைபோடுகிறார். நோட்டில் எழுதுகிறார்.

குழிமேல் உருளையை வைக்கிறார். உள்ளே சலித்த மணல். எவ்வளவு மணல் இறங்குகிறதோ அதுதான் குழியின் கொள்ளளவு. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அதிலிருந்து கணக்கு வரும்.

கை அடைப்பானில். திறக்கவில்லை.

டாரஸ் லாரி ஒன்று கடக்கிறது. எம் சாண்ட். தார்ப்பாயின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பின்னால் இன்னொன்று. பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை, புளியரை. அப்புறம் கேரளா.

"டீ ஆறுது தம்பி."

"வண்டி போவட்டும் அண்ணாச்சி."

தரை அதிர்ந்தால் குழிக்குள் விழும் மணலும் இறுகும். கூடுதல் மணல் இறங்கும். குழி பெரிதாகத் தெரியும். நன்றாக இறுகிய மண்ணும் இறுகாததாக நோட்டில் ஏறும்.

மூன்றாவது டாரஸ். நான்காவது. கை அங்கேயே இருக்கிறது.

எதிரே பஸ் நிற்கும் இடம். தாரில் இரண்டு சக்கரத் தடங்கள். இரண்டிலும் சாரல் தண்ணீர். வயர் கூடையில் பீடிக்கட்டுகளோடு வரும் பெண் ஒரு தடத்தைத் தாண்டுகிறார். நிற்கிறார். அடுத்ததையும் தாண்டுகிறார். அவருக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் தண்ணீரிலேயே நடக்கிறார்கள்.

சாலை வடிவமைப்புக்கான ஐ.ஆர்.சி. 37 நெறிமுறையில் தடத்தின் ஆழத்துக்கு எல்லை 20 மில்லிமீட்டர்.

சாலையில் இடைவெளி. அடைப்பான் திறக்கிறது. மணல் சரசரவென இறங்குகிறது. சத்தம் நிற்கும்வரை இளைஞர் அசையவில்லை. மூடுகிறார். எடைபோடுகிறார். எழுதுகிறார். ஆறிய டீயை ஒரே மூச்சில் குடிக்கிறார்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், ராணுவ வீரர்கள் பாரம் ஏற்றிய லாரிகளைச் சோதனைச் சாலைகளில் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அச்சின் எடை இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்ற கணக்கு அங்கிருந்து வந்தது.

இந்தியாவில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான அனுமதி எடை 2018-ல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சாலைக் கணக்கில் நிலையான அச்சு 8.16 டன். அந்தக் கணக்குப்படி 11.5 டன் அச்சு ஒரு முறை போனால், நிலையான அச்சு ஏறக்குறைய நான்கு முறை போனதற்குச் சமம்.