நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது கணவரோடு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் உம்மா. 2025 பெப்ரவரி கடைசியில், நோன்பு பிறக்க ஒரு கிழமை இருக்கும்போது, எங்கள் ஆசிரியைகளின் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினாள். தலையில் ஹிஜாப், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கிரீடம், கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பதக்கம், முகமெல்லாம் வேர்வை. "டீச்சர், 21 கிலோமீற்றர் முடிச்சிட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

குழுவில் ஒரு டீச்சர் "மாஷா அல்லாஹ்" என்றார். இன்னொருவர் "இது என்ன கோலம்?" என்றார். இரண்டிலும் நியாயம் இருந்தபடியால் பிறகு பல நாட்கள் இடைவேளையில் இதே கதைதான். அவளிடமும் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அவள் ஓடியது டிஸ்னி இளவரசி அரை மரதன். ஒர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் 1971 இல் திறந்த வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவில் 2009 இலிருந்து நடக்கிறது. சின்ட்ரெல்லா, ஜஸ்மின் போன்ற கதை இளவரசிகளின் பெயரில், பெண்களை நினைத்து அமைத்த ஓட்டம். ஆண்களும் ஓடலாம், ஆனால் அங்கே அவர்கள்தான் சிறுபான்மை. பெரும்பாலானவர்கள் ஏதாவது வேஷம் போட்டுத்தான் வருகிறார்கள். வலைத்துணிப் பாவாடை, கிரீடம், மினுக்கத் துணி. எப்காட் என்ற பகுதிக்குப் பக்கத்தில் தொடங்கி, பெரிய வீதியால் போய், மஜிக் கிங்டம் பூங்காவுக்குள் நுழைந்து, சின்ட்ரெல்லா கோட்டையின் வாசலுக்குள்ளாலேயே ஓடி, திரும்பவும் எப்காட் வந்து முடிகிறது. மொத்தம் 13.1 மைல். எங்கள் கணக்கில் 21.1 கிலோமீற்றர். 400 மீற்றர் மைதானத்தை ஐம்பத்திரண்டு தடவைக்கும் மேல் சுற்றுவதற்குச் சமன்.

அதிகாலை ஐந்து மணியளவில் முதல் பிரிவு புறப்படுகிறது. எல்லோரையும் ஒரேயடியாக விடுவதில்லை. வேகத்தைப் பார்த்துப் பிரிவு பிரிவாக அனுப்புகிறார்கள். இவள் கடைசிப் பிரிவுகளில் ஒன்று. முறை வரும்போது ஆறு மணி தாண்டிவிட்டதாம். அதற்குள் சுபஹ் வக்து வந்துவிட்டது. போத்தல் தண்ணீரில் வுழூ செய்து, இடுப்பில் கட்டியிருந்த துவாயை வேலியோரமாக விரித்துத் தொழுதிருக்கிறாள். பக்கத்தில் பச்சைப் பாவாடையோடு நின்ற ஒரு வயதான அமெரிக்கப் பெண்மணி, யாரும் குறுக்கே போகாமல் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றாராம். இதை வாசித்துவிட்டுக் "கோலம்" என்று சொன்ன டீச்சரே கொஞ்ச நேரம் பேசவில்லை.

உடையைப் பற்றி அவள் சொன்னதும் எங்களுக்குப் புதிது. மற்ற ஓட்டங்களில் முழுக்கையும் ஹிஜாபுமாகப் போய் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். இங்கே ஒருத்தி மீன் வாலோடு வருகிறாள், இன்னொருத்தி தலையில் பூந்தோட்டமே வைத்திருக்கிறாள். முக்காடு போட்டவளை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இனி எங்களைப் பிடித்துக்கொண்ட விஷயம். இந்த ஓட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு மைலை 16 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். கிலோமீற்றருக்கு ஏறக்குறையப் பத்து நிமிடம், மொத்தத் தூரத்துக்கு மூன்றரை மணித்தியாலம். எல்லோருக்கும் கடைசியில், பலூன்களைக் கட்டிக்கொண்டு சில பெண்கள் அந்த வேகத்திலேயே நடந்து வருவார்கள். பலூன் லேடீஸ் என்று பெயர். அவர்களுக்குப் பின்னால் விழுந்தவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சின்ட்ரெல்லாவுக்குப் பன்னிரண்டு மணி அடித்ததுபோல இவர்களுக்குப் பலூன்.

முதலில் எங்களுக்கு இது இரக்கமில்லாத விதியாகத்தான் தெரிந்தது. கணித டீச்சர்தான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஓட்டமே இல்லையே, விரைவாக நடந்தாலே போதுமே!" உண்மைதான். மணிக்கு ஆறு கிலோமீற்றர். பஸ் போய்விடும் என்று சந்திக்கு நாங்கள் நடக்கிற வேகம். ஓட்டம் என்றாலே முதல் மூன்று பேருக்குத்தான் என்று பழகிய எங்களுக்கு, கடைசியில் வருபவளின் வேகத்தைக் கணக்கெடுத்து, அந்த மூன்றரை மணித்தியாலமும் வீதியை மூடி, தண்ணீர் வைத்து, மலசலகூடம் வைத்து, மருத்துவக் கூடாரமும் போட்டு வைத்திருப்பது ஆச்சரியமாக இருந்தது.

பயிற்சியும் அப்படித்தான். டிஸ்னி ஓட்டங்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்துக் கொடுத்த ஜெஃப் கலோவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடியவர். அவருடைய முறையே ஓடி, நடந்து, திரும்பவும் ஓடுவது. களைத்த பிறகு நடப்பதில்லை, களைக்க முன்னரே நடப்பது. இவள் அரை நிமிடம் ஓடி, அரை நிமிடம் நடந்து, ஐந்து மாதம் பழகியிருக்கிறாள். பிள்ளைகள் எழும்ப முன்னர், வீட்டைச் சுற்றியுள்ள வீதிகளில்.

பெண்கள் நீண்ட தூரம் ஓடுவது எல்லா ஊரிலும் சண்டை பிடித்து வாங்கிய காரியம் என்பதையும் சொல்ல வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். முடிவில் சிலர் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருப்பிக்க, 1960 வரைக்கும் ஒலிம்பிக்கில் 200 மீற்றருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டமே இல்லை. 1967 இல் பொஸ்டன் மரதனில் கத்ரின் ஸ்விட்ஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு அதிகாரி பாய்ந்து வந்து அவருடைய இலக்கத் துண்டைப் பிடுங்கப் பார்த்தார். பெண்களுக்கு ஒலிம்பிக் மரதன் கிடைத்தது 1984 இல். அதே லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் மொரோக்கோவின் நவால் அல் முத்தவக்கில் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் தங்கம் எடுத்தார். அரபு நாடொன்றிலிருந்து தங்கம் வென்ற முதல் பெண் அவர். 2012 லண்டனில் சவூதியின் சாரா அத்தார், தலையை மூடி, முழு உடையோடு 800 மீற்றர் ஓடினார். தன் ஓட்டத்தில் கடைசியாக, மற்றவர்கள் முடித்து அரை நிமிடத்துக்கும் மேலான பிறகு வந்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

இனி "கோலம்" என்ற டீச்சரின் பக்கம். அவர் கேட்டது கிரீடத்தைப் பற்றி மட்டும் இல்லை. பெண்ணை ஓட வைக்க இளவரசிக் கதை எதற்கு? சின்ட்ரெல்லா ஓடியது வீட்டுக்குப் பிந்திவிடும் என்ற பயத்தில். அதற்குள் செருப்பையும் விட்டுவிட்டாள்! கட்டணமும் லேசில்லை. பதிவுக்கே இருநூறு டொலருக்கு மேல், எங்கள் காசில் அறுபதாயிரம் ரூபாவைத் தாண்டும். அறை, சாப்பாடு, நினைவுப் பொருள் எல்லாம் தனி. நடக்கிற ஒவ்வொரு அடியிலும் கம்பனிக்கு வருமானம். எங்களுக்கும் இதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வியாபாரம் இதற்குள் புகுந்தது இன்று நேற்று இல்லை. 1972 இல் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பெண்களுக்கு மட்டுமான முதலாவது வீதியோட்டம் நடந்தபோது அதற்குக் காசு கொடுத்ததே பெண்களுக்கான சவர ஜெல் விற்ற ஒரு கம்பனிதான். ஜெல்லை இன்று யாருக்கும் ஞாபகமில்லை. அந்த ஓட்டம் இன்னும் நடக்கிறது.

ஆகவே கிரீடத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு வேண்டியது அந்த 16 நிமிடம்.

ஏனென்றால் எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் ஆண்டில் இல்ல விளையாட்டுப் போட்டியில் மின்னலாக ஓடுகிற பிள்ளை ஒன்பதாம் ஆண்டில் கூடாரத்துக்குள் இருந்து கைதட்டுகிறது. முப்பத்தைந்து வயதில் சீனி, நாற்பதில் பிறஷர். கிளினிக்கில் "நாளுக்கு அரை மணித்தியாலம் நடவுங்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்கள். உலக சுகாதார அமைப்பு கிழமைக்கு 150 நிமிடம் என்று சொல்வதும் அதுதான். எங்கே நடப்பது? வீதியில் நாய், மோட்டார் சைக்கிள், "எங்க போறீங்க ராத்தா?" என்ற விசாரணை. எங்கள் உம்மாமார் கூடத்துக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டு எண்ணுகிறார்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பாடசாலை விட்ட பிறகு நாங்கள் ஆறு பேர் மைதானத்தில் இறங்கினோம். ஒரு மைலுக்கு 16 நிமிடம் என்றால் 400 மீற்றர் சுற்றுக்கு நான்கு நிமிடம். விஞ்ஞான டீச்சர் கைபேசியில் நேரம் பிடித்தார். முதல் சுற்று 3 நிமிடம் 48 விநாடி. எல்லோருக்கும் பெருமை. மூன்றாவது சுற்றில் கதை நின்றது. ஐந்தாவதில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்கள். எட்டாவது சுற்று முடியும்போது நான்கு பேர் மிச்சம், நேரம் 32 நிமிடம் 20 விநாடி. பலூன் எங்களை இருபது விநாடியால் முந்திவிட்டது. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற எங்கள் மூத்த டீச்சர்தான் முதலில் வந்தவர். அவர் தினமும் சந்தைக்கு நடந்து போகிறவர்.

அதிபரிடம் பேசியிருக்கிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், பெண்களுக்கு மட்டும், பின்பக்கக் கேற்றால் வந்து போகலாம். மதில் உயரம், வெளியிலிருந்து தெரியாது. பாடசாலை அபிவிருத்திக் குழுவின் சம்மதம் வேண்டும், அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருகிற வாப்பாமார் இதை வாசித்தால் கை உயர்த்துங்கள். அந்த ஒரு மணித்தியாலம் வீட்டில் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளவும் ஒத்துக்கொள்ளுங்கள். வர விரும்பும் சகோதரிகள் எங்களில் யாரிடமாவது பெயர் கொடுங்கள். கட்டணம் இல்லை. சப்பாத்து இருந்தால் நல்லது, ஒரு போத்தல் தண்ணீர் கட்டாயம்.