கையில் நின்ற மணம்

ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகம் கல்லூரியில் நமக்குப் பாடமாக இருந்தது. தேர்வுக்கென்று படித்த மற்ற நூல்கள் தேர்வோடு போயின. இது மட்டும் போகவில்லை. நாடகத்தின் பெருமை ஒரு காரணம். நம்மிடத்தில் இருந்த ஒரு குறை மற்றொரு காரணம். குறையைப் பின்னர்ச் சொல்வோம்.

கதை சிறியதுதான். ஸ்காட்லாந்து மன்னன் டங்கனின் படைத்தலைவன் மாக்பெத். போரில் வெற்றி பெற்றுத் திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள், நீ அரசனாவாய் என்று அவனிடம் சொல்லிவிட்டு மறைகின்றனர். மன்னனோ அவன் கோட்டைக்கே விருந்தாளியாக வருகிறான். மனைவி தூண்டுகிறாள், கணவன் தயங்குகிறான், அன்றிரவே கொலை நடந்துவிடுகிறது. பிறகு அந்த ஒரு கொலையை மறைக்க எத்தனையோ கொலைகள்.

வரலாற்றில் வாழ்ந்த மாக்பெத் இத்தகையவன் அல்லன். 1040 முதல் 1057 வரை 17 ஆண்டுகள் நாடாண்டவன். டங்கன் அவன் வீட்டு விருந்தாளியாக இறக்கவில்லை, போரில் மாண்டான். ஷேக்ஸ்பியர் தமக்கு மூலமாகக் கொண்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பில், டான்வால்டு என்பவன் மனைவியின் பேச்சைக் கேட்டு, தன் பொறுப்பிலிருந்த கோட்டையில் உறங்கிய டஃப் மன்னனைக் கொல்வித்த செய்தி வேறோரிடத்தில் வருகிறது. அந்தப் படுக்கையறைக் கொலையை எடுத்து மாக்பெத்தின் தலையில் வைத்துவிட்டார் கவிஞர். வரலாற்றுக்கு இது அநீதிதான். ஆனால் போர்க்களத்தில் எதிரியை வீழ்த்தியவனைக் கொண்டு மனச்சான்றின் நாடகத்தை எழுதியிருக்க முடியுமா? தன்னை நம்பி, தன் கூரையின் கீழ் கண்ணயர்ந்தவனைக் கொன்றவனல்லவா அதற்கு வேண்டும்!

கொலை மேடையில் நிகழ்வதில்லை. கொன்றுவிட்டு வெளியே வருபவனைத்தான் நாம் காண்கிறோம். அவன் பேச்சில் வெற்றியின் சாயலே இல்லை. பக்கத்து அறையில் உறங்கிய இருவர் விழித்து இறைவனை வேண்டியதைக் கேட்டதாகவும், அவர்களுடைய வேண்டுதலுக்கு ‘ஆமென்’ சொல்ல முயன்று முடியாமற் போனதாகவும் அவன் புலம்புகிறான். நம் வீடுகளில் குழந்தைகள்கூட நாளுக்குப் பலமுறை சொல்லும் ‘ஆமீன்’தான் அது. அந்த ஒரு சொல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. இனி உறக்கமும் தனக்கில்லை என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. அப்போது கோட்டைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். தட்டுகிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆயினும் அந்த ஓசை ஏன் நம்மை நடுங்கச் செய்கிறது என்று வியந்து, டி குவின்சி என்ற ஆங்கில எழுத்தாளர் 1823இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

சீமாட்டி மாக்பெத்தோ அந்நேரத்தில் கல்லாக நிற்கிறாள். கணவன் மறந்து எடுத்துவந்த குத்துவாள்களைத் தானே கொண்டுபோய்க் காவலர் அருகில் வைத்துவிட்டுத் திரும்புகிறாள். இருவர் கைகளிலும் குருதி. சிறிது நீர் போதும், கழுவிவிடலாம் என்பது அவள் துணிவு. அவள் முழுக் கல்லும் அல்லள். உறங்கிய மன்னனின் முகம் தன் தந்தையின் முகத்தை ஒத்திராவிட்டால் தானே வாளை வீசியிருப்பதாகச் சற்று முன்னர் அவள் சொல்லியிருக்கிறாள். மாணவப் பருவத்தில் இந்த இடத்தை நாம் கவனியாது கடந்தோம். பின்னால் நிகழப்போவதற்கு விதை இங்கேதான் கிடக்கிறது.

ஐந்தாம் அங்கத்தின் முதற்காட்சியில் அவளை மீண்டும் காண்கிறோம். உறக்கத்தில் எழுந்து நடக்கிறாள். கண்கள் திறந்திருக்கின்றன, பார்வையில்லை. கொலைக்குமுன் இருளை அழைத்தவள், இப்போது அருகில் எந்நேரமும் விளக்கு எரியவேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறாள். கைகளை ஓயாது தேய்த்துக் கழுவுவதுபோல் செய்கிறாள். கறையும் போகவில்லை; மணமும் போகவில்லை. அரபு நாட்டு நறுமணங்கள் யாவும் சேர்ந்தாலும் அச்சிறிய கையைத் திருத்தமாட்டா என்று ஏங்குகிறாள். மருத்துவரும் தாதியும் மறைந்து நின்று பார்க்கின்றனர். முன்னர் இவள் என்ன பேசினாள் என்று மருத்துவர் கேட்க, தன் சொல்லுக்குச் சாட்சி இல்லையாதலால் சொல்லமாட்டேன் என்று மறுத்துவிடுகிறாள் தாதி. மருத்துவரோ, இந்நோய் தம் கலைக்கு அப்பாற்பட்டது என்று கைவிரித்துவிடுகிறார்.

பேராசிரியர் இக்காட்சியை வகுப்பில் படித்துக்காட்டியபோது மாணவர் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைக்கடியில் நம் வலக்கையை முகர்ந்து பார்த்தோம்.

நமக்கு 11 வயது நடந்தபோது, பாட்டனார் ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த அத்தர்க் குப்பி ஒன்று உம்மாவின் பெட்டகத்தில் இருந்தது. பெருநாளன்று மட்டும் வெளியே வரும். ஒருநாள் வீட்டில் எவரும் இல்லாத வேளையில் அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனோம். மூடியைத் திருகும்போது கை நழுவிற்று. துவைக்கும் கல்லின்மேல் விழுந்து சிதறியது குப்பி. சில்லுகளைப் பொறுக்கி வேலியோரம் புதைத்தோம். கல்லில் வாளி வாளியாக நீர் இறைத்து ஊற்றினோம். கையைச் சாம்பலால் தேய்த்தோம்; புளியால் தேய்த்தோம்; சீயக்காயும் போட்டோம். மணம் நின்றது. இரண்டு நாள் வரையில் வலக்கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தோம்.

குப்பியைக் காணோம் என்றறிந்தபோது உம்மா சத்தம் போடவில்லை. அந்தப் பெட்டகத்தின் சாவி எப்போதும் மாடக்குழியில் கிடக்கும். மறுநாள் அது உம்மாவின் இடுப்புக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். வீட்டு வேலைகளுக்கு வந்துகொண்டிருந்த லாத்தா மாடக்குழியைத் துடைக்கையில் அதைக் கண்டிருப்பார். கைம்பெண், இரண்டு பிள்ளைகள். ஒன்றும் கேளாமல் அந்த நோன்பு முடியும்வரை வந்தார். பெருநாளுக்குப் பிறகு வரவில்லை. நாமோ வாய் திறக்கவில்லை. நல்ல பிள்ளை என்று உம்மா நம்மை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அது போய்விடுமே என்ற அச்சம்.

இதைக் கொலையோடு ஒப்பிடுவதா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். அளவு வேறுதான். ஆயினும், பழியைக் காவலர்மேல் பூசிவிட்டு உறங்கப்போனவர்களின் கதையை, பழியைப் பிறர்மேல் விழவிட்ட எவராலும் அயலார் கதையாகப் படிக்க முடிவதில்லை.

மாக்பெத்தும் அவன் மனைவியும் ஒருவருக்கொருவர் எதிர்த்திசையில் நடப்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தோம். கொலைக்கு முன்பே நடுங்கியவன் அவன். விருந்தில் தன் இருக்கையில் பாங்கோவின் ஆவி அமர்ந்திருக்கக் கண்டு அலறியவனும் அவனே. ஆனால் குற்றங்கள் பெருகப் பெருக அவன் மரத்துப்போகிறான். மனைவி இறந்தாள் என்ற செய்திகூட அவனை அழவைக்கவில்லை. எதற்கும் அஞ்சாதிருந்த அவளோ உறக்கத்தில் உடைந்துபோகிறாள். இருவரில் நாம் அஞ்சவேண்டியது அவனுடைய முடிவைத்தான் என்பது நம் கருத்து.

இதே ஆசிரியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் கிளாடியஸ் என்ற அரசன் வருகிறான். அண்ணனைக் கொன்று மணிமுடியையும் அவன் மனைவியையும் அடைந்தவன். மண்டியிட்டு மன்னிப்பு வேண்ட முயல்கிறான்; சொற்கள் மேலே எழுகின்றன, எண்ணம் எழவில்லை. கொலையால் கிடைத்தவற்றைக் கையில் வைத்துக்கொண்டே மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று அவனுக்கே விளங்குகிறது. விளங்கியும் விடமாட்டேன் என்கிறான். பிறருடைய உரிமையைத் திருப்பித் தராதவரை தவ்பா நிறைவுறாது என்று ஓதும் பள்ளியில் கற்ற நமக்கு, இந்தக் காட்சிக்கு உரை தேவைப்படவில்லை.

பல ஆண்டுகள் கழித்து லாத்தாவைத் தேடிச் சென்றோம். அடுத்த ஊரில் மகன் வீட்டில் இருந்தார். கண்பார்வை சற்று மங்கியிருந்தது. குரலைக் கேட்டு ஆளைத் தெரிந்துகொண்டார். தேநீர் வந்தது. சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தோம்.

“அது எனக்கு அண்ணைக்கே தெரியுமே தம்பி,” என்றார். “பாத்திரம் துலக்க உக்காந்தா கல்லெல்லாம் அத்தர் மணம். நீங்க சோத்துக்குக் கையைப் பையிலேருந்து எடுக்கல. புள்ளை அடிபடுமேன்னு பேசாம இருந்துட்டேன்.”

அந்தத் தாதியைப் போலவே இவரும் கண்டதைச் சொல்லாதவர். அவளுக்காவது சாட்சி இல்லை. இவரிடம் கல்லே சாட்சியாக இருந்தது. மன்னிக்கும்படி கேட்டோம். “அதெல்லாம் எப்பவோ போச்சு” என்று கையை அசைத்துவிட்டு, நம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். எத்தனை பேர், என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். மனம் இலேசாயிற்று; எழுந்து புறப்படும் நேரம்.

“உம்மாகிட்டச் சொன்னியளா?” என்றார்.

உம்மா மவுத்தாகி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இல்லை என்றோம்.

லாத்தா ஒன்றும் கூறவில்லை. தேநீர்க் குவளைகளைத் தடவி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.