அடைப்புக்குறிக்குள் ஒரு மலை

போன மாதம் எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. பணியில் இருக்கும் நூலகர்களுக்கான எட்டு வார இணையவழிப் படிப்பை நான் முடித்துவிட்டதாக அதில் போட்டிருக்கிறது. நான் நூலகர் இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியின் பில்லிங் மென்பொருளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொள்கிற ஆள். சேரும்போது "எந்த நூலகம், எத்தனை வருட அனுபவம்" என்று கேட்டிருந்தார்கள். "நெல்லிவாசல்நாடு, இரண்டு பீரோ, மூன்று வருடம்" என்று நிரப்பினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நெல்லிவாசல்நாடு என்பது ஒரு தனி ஊர் இல்லை. ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் பக்கம் ஏறினால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் சின்னச் சின்ன ஊர்கள், நடுவில் சாமைக் கொல்லை, புளியமரம், பலா. அப்படி ஓர் ஊரில் என் சித்தப்பா மகள் சாயங்காலங்களில் ஒரு படிப்பகம் நடத்துகிறாள். அரசு நூலகம் இல்லை. ஒரு அறை, இரண்டு இரும்பு பீரோ, முந்நூற்று நாற்பது சொச்சம் புத்தகங்கள். பாதிக்கு மேல் நன்கொடை. நன்கொடை என்றால் பெரும்பாலும் யாரோ பரண் ஒழித்தது என்று அர்த்தம். பழைய டிஎன்பிஎஸ்சி கைடுகள், காலாவதியான வருமான வரிப் புத்தகம், அட்டை போன நாவல்கள். மலைமேல் இருப்பவர்களுக்கு எது கொடுத்தாலும் ஆகும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது.

தங்கச்சி ஒருநாள் போன் பண்ணினாள். "அண்ணா, ஒருத்தரு வந்து நம்மளப் பத்தி புத்தகம் எதுனா இருக்குதான்னு கேக்கறாரு. எங்க தேடறது?" இரண்டு நாள் தேடினேன். தேடத் தெரிந்தவன் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. பல நூலகங்களின் இணையப் பட்டியல்களில் "மலையாளி" என்று தட்டியபோது வந்தது கேரளம். தகழி, பஷீர், ஓணம், மலையாள சினிமா. எங்களையும் மலையாளி என்றுதான் சொல்வார்கள். மலையை ஆள்கிறவர்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. கல்லூரி விடுதியில் முதல் நாள் சாதிச் சான்றிதழைப் பார்த்த ஒருவர் "கேரளாவுல எங்க?" என்று கேட்டது எனக்குப் புதிதில்லை. எங்கள் மலையிலிருந்து கீழே இறங்கிப் படித்த யாரைக் கேட்டாலும் இதில் ஒரு கதை வைத்திருப்பார்கள். ஆனால் புத்தகப் பட்டியலும் அதே கேள்வியைக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில். தங்கச்சிக்கு அது பிரச்சினை இல்லை. வீடியோ ஓடுகிற அளவுக்கு சிக்னல் இல்லாததுதான் பிரச்சினை. அதனால் நான் பார்ப்பது, இரவில் போனில் அவளுக்குச் சொல்வது என்று ஒப்பந்தம்.

முதல் வாரம் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை போரடித்து, திரும்பக் கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்று கேட்டவர். லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். ஆள் மாறித் திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம். 1929 கோடையில் அந்தச் சங்கத்தின் பெயரில் நூலகப் பயிற்சி வகுப்பு. வேறு வேலையில் இருப்பவர்கள் வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டு போகும் இந்தமாதிரிப் படிப்புகளுக்கெல்லாம் நம் ஊரில் அதுதான் தாத்தா. 1931இல் ஐந்து விதிகளைப் புத்தகமாக்கினார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே; ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம்; ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர்; வாசகரின் நேரத்தைச் சேமி; நூலகம் வளரும் உயிர். நான் சொல்லி முடித்ததும் தங்கச்சி கேட்டாள்: "ரெண்டாவது விதிப்படி அந்த வருமான வரிப் புத்தகம் யாருக்குண்ணா?" "அது மூணாவது விதி" என்றேன்.

எனக்கு நிஜமாகவே பிடித்தது மார்க் என்கிற பதிவு வடிவம். அறுபதுகளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற பெண்மணி உருவாக்கியது. அவரும் நூலகர் இல்லை, புரோகிராமர். அட்டையில் இருந்த விவரங்களை இயந்திரம் படிக்கும்படி துண்டு துண்டாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார். 100 ஆசிரியர், 245 தலைப்பு, 650 பொருள், 651 இடம். அரை நூற்றாண்டு தாண்டியும் உலகம் இதில்தான் ஓடுகிறது. என் துறையில் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்கிற வடிவத்துக்கே மாலை போடுவோம். ஒரே ஒரு வருத்தம், 880 என்ற புலம். அந்த நூலகத்தில் ஒரு தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பு முதலில் ரோமன் எழுத்தில், புள்ளியும் கோடும் வைத்து 245இல் உட்காரும். தமிழ் எழுத்தில் உள்ள நிஜத் தலைப்பு 880க்குப் போய், அங்கிருந்து ஒரு கயிறு கட்டி 245ஓடு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் திண்ணையில், விருந்தாளி கூடத்தில்.

நான்காவது வாரம் பெயர்கள். நூலகர்கள் அதை அத்தாரிட்டி கன்ட்ரோல் என்கிறார்கள். ஒரு ஆளுக்கு, ஒரு இடத்துக்கு, ஒரு பொருளுக்குப் பல பெயர் இருந்தால் ஒன்றை நிலையான தலைப்பாக்கி, மற்றவற்றை அதை நோக்கித் திருப்பிவிட வேண்டும். தமிழில் இதற்கு உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. புதுமைப்பித்தனைத் தேடுகிறவர் சொ. விருத்தாசலம் என்றும் தேடலாம். சுஜாதாவும் ரங்கராஜன், ரா.கி.யும் ரங்கராஜன்; சுஜாதா மனைவி பெயரை எடுத்துக்கொண்டதே அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் என்பார்கள். இடப்பெயர் இன்னும் மோசம். எங்கள் மலையே ஜவ்வாது, ஜவாது, சவ்வாது, ஜவாதி என்று எழுதுகிறவர் கைக்கு ஏற்றபடி மாறும். அது போதாதென்று மாவட்டம். திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் மாவட்டம், பிறகு வட ஆர்க்காடு, 1989இல் வட ஆர்க்காடு உடைந்தது, பிறகு வேலூர், 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். என் கொள்ளுப்பாட்டி வீட்டை விட்டு நகராமலே இதில் பாதியைப் பார்த்திருப்பாள். ஜமுனாமரத்தூர் பக்கம் போனால் அதே மலை திருவண்ணாமலை மாவட்டம். எங்களைப் பற்றி எழுதப்பட்டது எதுவோ அது இத்தனை பெயர்களுக்கடியில் சிதறிக் கிடக்கிறது.

இனி மலையாளி. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால் ஒன்றின் பின்னால் அடைப்புக்குறி போட்டுப் பிரிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் துறையிலும் இதே நோய்க்கு இதே மருந்துதான். இந்த இடத்தில் எனக்குச் சாதிச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகள் வரிசையில், 1976 திருத்தத்தின்படி, எங்கள் பெயர் வெறுமனே இருக்காது. மலையாளி, பிறகு அடைப்புக்குறிக்குள் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில். கேரளத்து மலையாளிகளிடமிருந்து பிரிக்க யாரோ ஒரு நல்ல பட்டியலாக்குநர் செய்த வேலை மாதிரியே இருக்கிறது. இதில் வட ஆர்க்காடும் தென் ஆர்க்காடும் இப்போது வரைபடத்தில் இல்லை, இந்த வரியில் மட்டும் இருக்கின்றன.

அடைப்புக்குறி ஆளைக் கண்டுபிடிக்க உதவும். வெளியே தள்ளவும் செய்யும். ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். ஈரோடு 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம். அந்த வரியில் கோயம்புத்தூர் இல்லை. ஆகவே பர்கூர் மலையாளி பழங்குடி இல்லை. காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பொறியியல் சீட் கிடைத்த ஆண்டு பர்கூரில் என் வயதில் ஒருவன் அதே மதிப்பெண்ணோடு இருந்திருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு மாவட்டப் பெயர்தான்.

இறுதிப் பணியாக ஒரு சிறு நூலகத்துக்கு இருபத்தைந்து பதிவுகளும், அதில் வரும் பெயர்களுக்கு அத்தாரிட்டிப் பதிவுகளும் செய்யச் சொன்னார்கள். எங்கள் பீரோவையே எடுத்துக்கொண்டேன். கோஹா என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப்பில் நிறுவினேன். நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலகத்துக்காக, 2000ஆம் ஆண்டுச் சிக்கலில் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்று பயந்து எழுதியது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கு அன்பளிப்பு என்று அர்த்தம். முந்நூற்று நாற்பது புத்தகத்துக்கு அது யானை கட்டித் தீனி போடுகிற வேலை. தங்கச்சி இன்னும் நோட்டில்தான் எழுதுகிறாள், அதுதான் வேகமாகவும் இருக்கிறது.

தலைப்பை "மலையாளி (பழங்குடி)" என்று வைக்கலாம் என வரைவுக்கு வழிகாட்டி யோசனை சொன்னார். தங்கச்சியிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப கேரளாக்காரங்களுக்கு?" "அவங்களுக்கு வெறும் மலையாளிதான்." "ஏன், நம்ம பீரோவுல யாரு வந்து தேடறாங்க?"

இந்தக் கேள்விக்கு எட்டு வாரப் பாடத்தில் பதில் இருந்தது, நான்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பாடத்தில் இல்லை. எது இயல்பு, எதற்கு விளக்கம் வேண்டும் என்பதைப் பெரிய நூலகம் தன் வாசகரை வைத்து முடிவு செய்கிறது. பிறகு அந்தப் பதிவை எல்லாரும் நகலெடுக்கிறார்கள், வாசகர் மாறிய பிறகும். எங்கள் பட்டியலில் திருப்பிப் போட்டேன். "மலையாளி" என்றால் நாங்கள். மற்றது "மலையாளி (கேரளம்)". கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, ஏற்காடு எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் வந்துவிடும். பர்கூரும்தான். நெறிமுறையோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். அவர்கள் பார்வையில் நியாயம்தான்.

அத்தாரிட்டிப் பதிவில் 670 என்று ஒரு புலம் உண்டு. இந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தாய் என்பதற்கான இடம். 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளைப் போட்டேன். எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதை அதிலும் இருக்கிறது. பட்டியல் பழங்குடிகள் ஆணையைப் போட்டேன். புத்தகம் மட்டுமல்ல, தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இந்தப் புலத்தில் எழுதலாம் என்று பாடத்தில் படித்திருந்தேன்.

அதற்குள் தங்கச்சி, முதலில் கேட்ட அந்தப் பெரியவரை மறுபடி பிடித்துவிட்டாள். ஆறாவது வாரப் பாடம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது: வந்தவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவர் கேட்க வந்தது இல்லை, பொறுமையாக எதிர்க்கேள்வி போட வேண்டும். போட்டிருக்கிறாள். அவருக்கு வேண்டியது எங்களைப் பற்றிய புத்தகம் இல்லை. கொல்லைக்குப் பட்டா கேட்டு வன உரிமைச் சட்டப்படி மனுக் கொடுத்திருக்கிறார். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே உழுதுகொண்டிருப்பதற்கு ஆதாரம் வேண்டும். புத்தகத்தில் எங்கேயாவது எழுதியிருந்தால் காட்டலாம் என்று நினைத்திருக்கிறார். அந்தச் சட்டத்தின் விதிகளில், மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதிந்த வாக்குமூலமும் ஒரு சான்றாக ஏற்கப்படும் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் தேடி அனுப்பினேன். திருப்பத்தூரில் பிரிண்ட் எடுத்து பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள்.

போன சனிக்கிழமை படிப்பகத்தில் மூன்று கிழவர்களை உட்கார வைத்து அவள் எழுதியிருக்கிறாள். யார் கொல்லைக்கு எது எல்லை, எந்தப் பாறை, எந்த வருஷம் மழை பொய்த்து யார் எங்கே சாமை விதைத்தார்கள். பதினொரு பக்கம் வந்ததாம். ஒரு நகல் பெரியவரின் மனுவோடு போயிருக்கிறது. இன்னொரு நகலை பீரோவில் வைத்துவிட்டு நேற்று இரவு போன் பண்ணினாள்.

"இதுக்கு 100ல யாரு பேரு போடறதுண்ணா? மூணு பேரு சொன்னாங்க, நான் எழுதுனேன்."

மூன்று பேரையும் போடு என்றேன். முதல் ஆள் 100இல், மற்ற இருவர் 700இல். யாரை முதலில் போடுவது என்று அவர்களுக்குள் இப்போது பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.