மேடில்லாத ஊருக்கு எந்தக் கருவி?

கோலசிலாங்கூரின் மலாவத்தி குன்றை விட்டு வடக்கே திரும்பினால், பெர்ணம் ஆறு வரைக்கும் சைக்கிள்காரர்களுக்கு ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. குன்றின் மேல் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதைத் தாண்டினால் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், பாகான் நக்கோடா ஓமார் என்று எல்லா ஊரும் கல்லில் தேய்த்த தோசை மாதிரி ஒரே தட்டை. நடுவில் வரும் வாய்க்கால் பாலங்கள்தாம் நமக்கு மலை.

இப்படிப்பட்ட ஊரில் ஓட்டுகிறவனுக்கு, மலையேற்றத்தை மீட்டர் மீட்டராகக் கணக்குச் சொல்லும் சைக்கிள் கணினி எதற்கு? இந்தக் கேள்வியை முதலில் கேட்டது என் அக்காதான்.

"தம்பி, போனஸ் வந்துச்சுன்னு இவன் தீப்பெட்டி மாதிரி ஒரு சாமானுக்கு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியக் கொட்டப் போறானாம். நீ கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

அக்கா மகனுக்குச் சுபாங்கில் வேலை. ஞாயிறு விடிந்தால் சைக்கிளோடு வடக்கே போய்விடுவான். அக்காவுக்குப் பணத்தைவிட வேறு கவலை. பையன் தனியாகச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓட்டுகிறான், விழுந்தால் யாருக்குத் தெரியும்?

"அதுக்குத்தாம்மா இது. நான் விழுந்தா அதுவே உங்களுக்கு மெசேஜ் அனுப்பும்" என்றான் அவன்.

அது உண்மையா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. என்னிடம் இருப்பது பழைய காலத்துக் கருவி. திரையில் எண்களும் ஒரு கோடும் மட்டும் தெரியும். அவன் நண்பனிடமிருந்து புது ரகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். செகிஞ்சானில் காரை நிறுத்திவிட்டு, இரண்டையும் பூட்டிக்கொண்டு பாகான் நக்கோடா ஓமாருக்குக் கிளம்பினோம். போய் வர எண்பது கிலோமீட்டர் பக்கம் வரும்.

இவ்வளவு நெல் இங்கே விளைவதற்குக் காரணம் தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம். பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, சதுப்பு நிலத்தை வாய்க்கால் வாய்க்காலாக வெட்டிய வேலை அது. சாலைகளும் வாய்க்காலை ஒட்டியே ஓடுகின்றன, அளவுகோல் வைத்துக் கிழித்தது போல. காலை ஏழு மணிக்கு வயலில் கொக்குகள் நின்றிருந்தன. வானம் நாலா பக்கமும் திறந்து கிடந்தது.

ஜிபிஎஸ் கருவிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை மிகவும் மெலிந்தது. கட்டடமோ மலையோ மரமோ மறைத்தால் தடுமாறும், சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் கணக்கு பிசகும். வயல்வெளியில் மறைக்க எதுவுமே இல்லை. சுங்கை பெசாரில் ரொட்டி சானாய்க்கு நிறுத்தியபோது இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தூரத்தில் நூறு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. மருமகன் முகம் கொஞ்சம் வாடியது.

2000-ஆம் ஆண்டு மே 2 வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. அன்றைக்கு ஒரு சாதனத்தை நம்பினால், இருக்கும் இடம் நூறு மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். அந்தத் தடை நீங்கிய பிறகு வந்த கருவிகள் எல்லாமே திறந்த வெளியில் சில மீட்டருக்குள் சொல்லிவிடுகின்றன. அதனால்தான் வயல் சாலையில் பழையதும் புதியதும் ஒன்றாகத் தெரிகின்றன.

ஒரு வேடிக்கையும் நடந்தது. இரண்டு கருவிகளுமே நாங்கள் ஐம்பது மீட்டருக்கு மேல் ஏறியதாகக் காட்டின. ஏறியதற்கு அங்கே என்ன இருக்கிறது? உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவதால் வந்த வினை. மழைக்கு முன் அழுத்தம் மாறினாலும், வியர்வை இறங்கிச் சிறு துளை அடைத்துக்கொண்டாலும் தரை உயர்ந்ததாகவே அது நினைத்துக்கொள்கிறது. அந்த விஷயத்தில் புதியதும் பழையதும் அண்ணன் தம்பிதான்.

சுங்கை பெசாரைத் தாண்டி, ஐந்தாம் எண் கூட்டரசு சாலையை விட்டுக் கடற்பக்கம் திரும்பியதும் தென்னை வந்துவிடுகிறது. பாகான் என்றால் மலாயில் படகுத்துறை, மீனவர் இறங்கும் இடம். நக்கோடா என்றால் கப்பல் தலைவன். பாரசீகத்திலிருந்து வந்த சொல், தமிழ்க் கரையோர முஸ்லிம் குடும்பங்களிலும் நகுதா என்று வழங்கிய சொல். ஓமார் என்ற மாலுமியின் துறை என்று ஊர்ப்பெயரைப் பிரித்துப் படிக்கும்போது, நாகப்பட்டினக் கரையில் நின்று கேட்டாலும் பாதி புரிந்திருக்கும் என்று தோன்றியது. மணலை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்தக் கடல் சேற்றைத்தான் காட்டும். தண்ணீர் வற்றினால் சேறு வெகுதூரம் போகிறது. படகுகள் சாய்ந்து கிடக்கின்றன. எனக்கு இது பிடிக்கும். விடுமுறைக் கூட்டம் செகிஞ்சான் கடற்கரையோடு நின்றுவிடுவதால் இங்கே நிம்மதியாக உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம்.

திரும்பும்போதுதான் உண்மையான சோதனை. சபாக் பெர்ணம் பக்கம் போய், ஜாகாவிடம் சொல்லிவிட்டு, செம்பனைக்குள் நுழைந்தோம். செம்பனையும் நம் ஆட்களும் சிலாங்கூரில் சேர்ந்தே வளர்ந்தவர்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயர் தமிழில் தென்னையாக இருக்க, வளர்ந்தது செம்பனை. அவர் பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது.

செம்பனையை முக்கோண வாக்கில் ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவது வழக்கம். கணக்குப் போட்டால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கருவி எட்டு மீட்டர் பிசகினால் போதும், நீங்கள் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டீர்கள். முதிர்ந்த மரங்களின் மட்டைகள் வானத்தை மூடியிருந்த இடத்தில் என் கருவி வரைந்த கோடு, கள்ளு குடித்தவன் நடந்தது மாதிரி மூன்று வரிசைக்குள் தள்ளாடியிருந்தது. இரவல் கருவியின் கோடு பெரும்பாலும் மண் பாதையிலேயே இருந்தது. பழையது எல்1 என்ற ஒரே அலைவரிசையைக் கேட்கிறது. புதியது எல்5 என்ற இரண்டாவதையும் கேட்டு, எது நேராக வந்தது, எது மட்டையில் பட்டு வந்தது என்று பிரித்தறிகிறது. புதியதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த நிழலில்தான் வேலை செய்கிறது.

வரைபடமும் அப்படித்தான். ஒரே மாதிரி முப்பது சந்து உள்ள தோட்டத்தில் வெறும் கோட்டை வைத்துக்கொண்டு அலைவதைவிட, பாதைகளைத் திரையில் பார்ப்பது பெரிய உதவி. ஆனால் ஓரிடத்தில் வரைபடம் நேராகப் போகச் சொல்ல, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க போறீங்க தம்பி? அந்தப் பாலம் மழையில போயிருச்சு. திரும்பி, ரெண்டாவது டிரைன் தாண்டி முனியாண்டி கோயில் பக்கமா வளைஞ்சு போங்க."

கோயில் திரையில் இல்லை, பாலம் இருந்தது. பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அங்கேயே நிழலில் நின்று, அக்காவின் கேள்விக்குப் பதில் தேடினோம். "கைப்பேசிய எடுத்துப் பாரு" என்றேன். எடுத்தான். கோடு ஒன்றுகூட இல்லை.

"அப்ப மெசேஜ் எப்படிப் போகும்?"

"போகாது மாமா" என்றான் மெதுவாக.

கடையில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. விழுந்ததைக் கருவி உணரும், உண்மைதான். ஆனால் செய்தியை அனுப்புவது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி. அதற்குத் தொலைத்தொடர்பு இல்லாத இடத்தில் எவ்வளவு புது ரகமும் ஊமைதான். பிரதான சாலையில் அந்த வசதி பலன் தரும், தோட்டத்தின் நடுவில் நம்பக் கூடாது.

வாங்க நினைப்பவர்களுக்காக இனி விலைக் கணக்கு. கார்மின் நிறுவனத்தின் எட்ஜ் வரிசையை எடுத்துக்கொண்டால், 2009-இல் வந்த 500-இல் வரைபடம் கிடையாது, புளூடூத்தும் கிடையாது. பதிவைக் கம்பி வழியாகத்தான் கணினிக்கு மாற்ற வேண்டும். 2019-இல் 530 வந்தது. வரைபடம், வழி சொல்லும் வசதி, விபத்தை உணரும் வசதி, நிறுவனக் கணக்கில் இருபது மணி நேர பேட்டரி எல்லாம் உண்டு. அன்றைய அமெரிக்க விலை 299.99 டாலர். 2023-இல் வந்த 540-க்கு 349.99 டாலர். பல அலைவரிசை, 26 மணி நேர பேட்டரி, இப்போதைய கைப்பேசிகளின் அதே யுஎஸ்பி-சி துளை ஆகியவை அதில் கூடின. வாஹூ, பிரைட்டன், ஐஜிபிஸ்போர்ட் என்று வேறு பெயர்களும் கடைகளில் உண்டு. எதுவானாலும் கேட்க வேண்டியவை வரைபடம், பொத்தான், பேட்டரி மூன்றும்தான்.

பொத்தானை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் காற்றோடு அடிக்கும் மழையில் தொடுதிரை தானாகப் பக்கம் மாறிக்கொண்டிருக்கும். ஈரக் கையுறைக்குப் பொத்தான்தான் கேட்கும்.

கைமாறிய கருவி வாங்குகிறவர்கள் வெளியில் எடுத்துப் போய்ச் செயற்கைக்கோள் பிடிக்க விட்டு, தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில, இருபது வருடம் முந்தைய தேதியைக் காட்டும். அடுத்து, முழுதாக சார்ஜ் செய்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பத்து வயதான லித்தியம் பேட்டரி, பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கைத் தராது. தோட்டத்துக்குள் தூரம் சரியாக வேண்டுமென்றால் சக்கரத்தில் மாட்டும் வேக உணரி போதும். பழைய கருவியோடும் சேரும், விலையும் குறைவு.

என் தீர்ப்பைக் கேட்டால், கடலோரச் சாலையிலும் வயலிலும் மட்டும் ஓட்டுபவர்கள் கையில் இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. தோட்டம், காடு என்று தெரியாத பாதையில் நுழைகிறவர்களுக்கு வரைபடம் உள்ள கருவி வேண்டும், அது நாலைந்து வருடம் பழையதாக இருந்தாலும் சரி. பல அலைவரிசைக்குப் பணம் கட்டுவது, பதிவான கோடு கோணினால் தூக்கம் வராதவர்களுக்கு.

மருமகன் கைமாறிய 2019 ரகத்தை வாங்கினான். மிச்சப் பணத்தில் பகலிலும் கண்ணில் படும் பின்விளக்கு ஒன்று, நல்ல டயர் இரண்டு. அக்கா வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தத் தோட்டம், எந்த வாசல் வழியாக நுழைகிறான், எத்தனை மணிக்கு வெளியே வருகிறான் என்று சனிக்கிழமை இரவே எழுதிவிட வேண்டும். பதினொன்றரைக்குள் போன் வராவிட்டால் அக்கா முதலில் கூப்பிடுவது என்னை.