மொட்டை மாடியை முதல்ல காட்டுங்க!

எங்க திருவண்ணாமலை வீட்டை விக்கிறோம். அப்பாவுக்கு இருக்குற கடன்ல பாதி என்னோட நாலு வருஷ காலேஜ் ஃபீஸ். அதனால பெயிண்ட் அடிக்கிற வேலையை நானே எடுத்துக்கிட்டேன்.

"வர்றவங்களை முதல்ல மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி. மலை தெரியுற வீட்டுக்கு மவுசே தனி"ன்னு புரோக்கர் சொன்னார். மலை உயரம் 2668 அடி. அதை மறைக்க எதிர்ல இன்னும் யாரும் மாடி கட்டல.

ஹால் சீலிங்ல மழைத்தண்ணி ஒழுகும். பட்டி வெச்சு மறைச்சுடலாம்னார் அப்பா. நான் சிவில் ஸ்டூடண்ட். மேலே இருக்குற விரிசலை அடைக்காம கீழே பட்டி பார்த்தா அடுத்த மழையில உரிஞ்சிடும்னு சண்டை போட்டு, மாடியில விரிசலை அடைச்சேன்.

கைப்பிடிச் சுவர் மட்டும் அடங்கல. ஒவ்வொரு கார்த்திகைக்கும் அம்மா அகல் வைக்கிற இடமெல்லாம் எண்ணெய்க் கறை. சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சேன், பிரைமர் அடிச்சேன். ரெண்டு கோட் பெயிண்டுக்கு அப்புறமும் வட்ட வட்டமா மேலே வந்துடுச்சு.

வீடு பார்க்க வந்த அக்கா அதைத்தான் முதல்ல கேட்டாங்க. "இது என்ன கறை?"

"விளக்கு வெச்ச எண்ணெய்ம்மா. சாயங்காலம் 6 மணிக்கு உச்சியில தீபம் ஏத்தினதும் நாங்களும் இங்க ஏத்துவோம்."

"இங்கிருந்தே தெரியுமா?"

"நல்லா தெரியும்"னு சொல்லிட்டு அம்மா கீழே இறங்கிப் போயிட்டாங்க.

மறுநாளே அட்வான்ஸ் வந்துடுச்சு. இந்த வருஷம் தீபத்தை எங்கிருந்து பார்க்கப்போறோம்னு வீட்ல இன்னும் யாரும் பேசல.