ஒரு 'ஹாட்' படுத்திய பாடு

சென்ற மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் பாரூர். கிருஷ்ணகிரி ஜில்லாவில், போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய ஏரியை நம்பிப் பிழைக்கிற ஊர். முன்னெல்லாம் எங்கள் ஊர்ப் பையன்கள் ஏரித் தண்ணீரை நம்பினார்கள். இப்போது பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளை நம்புகிறார்கள். என் அக்காள் மகனும் அப்படி நம்பிப் போனவர்களில் ஒருவன். டிப்ளமா படித்தவன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தேன். பையன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க. நாளைக்கு ஆபீஸ்ல குடுக்கணும்."

கதை எழுதுகிறவனுக்கு இங்கிலீஷும் தெரிந்திருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வராமல் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

அது ஒரு விளக்கக் கடிதம். இவன் வேலை செய்கிற இயந்திரம் ஒரு ராத்திரி உள்ளே ஏதோ முறிந்து நின்றுவிட்டது. காரணம் கேட்டு மெமோ கொடுத்திருந்தார்கள். அதிகாரிகளில் ஒருவர் பெங்களூர்க்காரர், இன்னொருவர் வடக்கத்தியார். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக இங்கிலீஷில்தான் பதில் எழுத வேண்டும். பையன் எழுதியிருந்தான்: "யெஸ்டர்டே ஐ ஹாட் கம் அட் டென் ஓ க்ளாக். வென் ஐ கேம், த மெஷின் ஸ்டாப்ட்."

படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஏண்டா, நீ வந்ததும் மெஷின் நின்னு போச்சா?"

"இல்லீங்க மாமா! நான் வரும்போதே அது நின்னிருந்துச்சு."

"அப்படி நீ எழுதலையே!"

நான் வந்தேன், இயந்திரம் நின்றது. இதுதான் அவன் கடிதம் சொல்லுகிற சங்கதி. அதைப் படிக்கிற அதிகாரி, பையன் வந்து ஏதோ கை வைத்தான், அதனால் நின்றது என்றுதான் எடுத்துக்கொள்வார். "த மெஷின் ஹாட் ஸ்டாப்ட்" என்று எழுதியிருந்தால், இவன் காலடி வைப்பதற்கு முன்பே அதன் கதை முடிந்திருந்தது என்று ஆகியிருக்கும். நின்றதற்கும் நின்றிருந்ததற்கும் உள்ள வித்தியாசம், ஒரு பையனின் வேலை. வேடிக்கை என்னவென்றால், 'ஹாட்' என்ற சொல் கடிதத்தில் இல்லாமல் இல்லை. தேவையே இல்லாத முதல் வாக்கியத்தில் சம்பிரமமாக உட்கார்ந்திருக்கிறது!

பையனைக் கோபித்துப் பயனில்லை. இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தையே பாருங்கள். 'ஊருக்குப் போயிருந்தேன்' என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். தமிழில் அது வெகு இயல்பு. போய்த் திரும்பியாயிற்று, சமாசாரம் ஏதோ சொல்லப் போகிறேன் என்று அதற்கு அர்த்தம். எல்லைக்கு அந்தப்புறத்துக் கன்னடக்காரரும் "நின்னெ பெங்களூரிகெ ஹோகித்தெ" என்று அதே மாதிரிதான் சொல்லுகிறார். இந்தப் பழக்கத்தோடு இங்கிலீஷுக்குள் போகிற நாம், "யெஸ்டர்டே ஐ ஹாட் கான் டு பெங்களூர்" என்கிறோம். நமக்குள்ளே புரிந்துகொள்கிறோம். ஆனால் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவன் காது, இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருக்கும். போயிருந்தாய், சரி, எதற்கு முன்பு?

அந்தக் கேள்வியை நான் ஒரு தடவை சிவப்பு மையில் பார்த்திருக்கிறேன். 1999-ல், கல்லூரியில் முதல் வருஷம். அப்பா இறந்து காரியங்கள் முடிந்து திரும்பிப் போனபோது விடுமுறைக் கடிதம் கேட்டார்கள். "மை ஃபாதர் ஹாட் எக்ஸ்பயர்ட்" என்று எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் அந்த 'ஹாட்'டின் கீழே கோடு போட்டு, பக்கத்தில் "பிஃபோர் வாட்?" என்று எழுதியிருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பிழையைக் கண்டால் கை தானாகத் திருத்துகிற ஜாதி. ஆனால் எனக்கு அன்று அது இலக்கணக் கேள்வியாகப் படவில்லை. எதற்கு முன்பு? நான் படித்து முடிப்பதற்கு முன்பு. அக்காளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு. அடுத்த வருஷம் நான் கல்லூரிக்குப் போகவில்லை.

அதற்கப்புறம்தான் ரென், மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு இந்த 'ஹாட்' சங்கதியை நானாகப் படித்தேன். அந்த ரென் வெறும் இலக்கணக்காரர் அல்ல. 'போ ஜெஸ்ட்' என்று 1924-ல் சக்கைப்போடு போட்ட நாவலை எழுதியவர். நாவலாசிரியனுக்கு எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதுதானே பிழைப்பு!

விஷயம் இவ்வளவுதான். நடந்து முடிந்த இரண்டு காரியங்களில், முந்தியதற்கு 'ஹாட்' போட வேண்டும். ஆனால் அது தனியாக நிற்காது. மாடு கட்ட முளைக்குச்சி வேண்டுமே, அதுபோல அதற்கும் ஒரு முளை வேண்டும். அந்த முளையாக அடிக்கடி வருகிறவை 'பிஃபோர்', 'பை', 'அன்டில்' முதலிய சின்னஞ்சிறு சொற்கள். நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற உருபை அவர்கள் பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக வைக்கிறார்கள். 'அட் டென்' என்றால் பத்து மணிக்கு. 'பை டென்' என்றால் பத்து மணிக்குள். 'அன்டில் டென்' என்றால் பத்து மணி வரை. பத்து மணிக்கு நின்றது என்றால், அந்த நிமிஷத்தில் அங்கே இருந்தவன் யார் என்று கேட்பார்கள். பத்து மணிக்குள் நின்றிருந்தது என்றால், அதற்கு முன்னே எப்போதோ! பேச்சு வழக்கில் இன்னொரு சலுகையும் உண்டு. 'பிஃபோர்' வெளிப்படையாக இருந்தால் 'ஹாட்' இல்லாமலே ஒப்பேற்றிவிடலாம். எது முந்தி என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. கிருஷ்ணகிரி அணை கட்டுவதற்கு முன்பே பாரூர் ஏரி இருந்தது என்று சொல்ல, சாதாரண இறந்தகாலமே போதும். 'வென்' என்று எழுதும்போதுதான் ஆபத்து. அது இரண்டு காரியத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிடும்.

இதையெல்லாம் சொல்லி, "த மெஷின் ஹாட் ஸ்டாப்ட் பிஃபோர் மை ஷிஃப்ட்" என்று எழுதிக் காட்டினேன். பையன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"மாமா, இப்படி எழுதினா முந்தின ஷிஃப்டுக்காரன் மேல விழுமே."

"விழட்டுமே. அவன்தானே..."

"அவன் என் ரூம்ல இருக்கிறவன், மாமா. அவனுக்கும் வேலை இன்னும் நிரந்தரமில்லே."

இலக்கணம் படித்து இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றியதே இல்லை. 'ஹாட்' போட்டால் குற்றம் காலத்தில் பின்னோக்கி நகர்கிறது. நகர்ந்து போய் இன்னொருவன் தலையில் உட்காருகிறது. என் மருமகனைக் காப்பாற்ற நான் கண்டுபிடித்த முளை, வேறொரு வீட்டுப் பிள்ளையின் கழுத்துக்குப் போகிறது.

காபி வந்தது. அக்காள் "என்ன, முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலம் வரை அந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கு நின்றோம். ஷிஃப்டு என்ற சொல்லை அடித்தோம். யார் ஓட்டினார்கள் என்பதை எழுதவில்லை. பத்து மணிக்குள் இயந்திரம் நின்றிருந்தது. வந்து பார்த்து உடனே சொன்னேன். அதற்கு முன் மூன்று நாளாக அதில் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இந்த மூன்றாவது சங்கதியை அவன் முதலில் எழுதவே இல்லை! கேட்டதற்கு, "அதெல்லாம் எல்லாருக்கும் தெரியுமே, மாமா" என்றான். "ஃபார் த்ரீ டேஸ் பிஃபோர் தட், தேர் ஹாட் பீன் அ நாய்ஸ்" என்று அதையும் எழுதினோம். நல்ல படியில் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ராத்திரி பஸ் ஏறிப் போனான்.

பத்து நாள் கழித்துக் கைப்பேசியில் அவனிடமிருந்து செய்தி வந்தது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். "மாமா, யெஸ்டர்டே தே ஹாட் க்ளோஸ்ட் த மேட்டர். உள்ளே பேரிங் ரொம்ப நாளா தேய்ஞ்சு போயிருந்துச்சாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை."

'யெஸ்டர்டே'வுக்குப் பக்கத்தில் அந்த 'ஹாட்' மறுபடியும் மகாராஜனாக உட்கார்ந்திருந்தது. எதற்கு முன்பு என்று கேட்க விரல் துறுதுறுத்தது. "சந்தோஷம். சாப்பிட்டாயா?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.