கீழே விரிப்பது முதலில்

கனடா நாட்டிலே பணிபுரியும் நம் பேரன் அண்மையில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தான். "தாத்தா, நவம்பர் மாதம் நண்பர்களோடு மான் வேட்டை முகாமுக்குப் போகிறேன். ஐந்து இரவுகள் காட்டிலே படுக்க வேண்டும். கடையில் நூறு வகைப் படுக்கைகள் இருக்கின்றன. எதை வாங்குவது? நீங்கள் சிறு வயதில் வேட்டை முகாமில் படுத்ததுண்டு என்று அப்பா சொன்னாரே!" என்றான்.

வேட்டையைப் பற்றிய நம் கருத்தை அவனுக்கு வேறொரு மடலில் எழுதுவதாக இருக்கிறோம். அவன் வாழும் நாட்டில் அது உரிமம் பெற்றுச் செய்யும் செயல். நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது, நன்றே செய்தது. ஆயினும் குளிரில் உறங்குவது எப்படி என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரு விடை உண்டு. அதை நாம் பெற்ற விதம் மறக்கத்தக்கதன்று. அவனுக்கு எழுதியதையே வாசகர்களுக்கும் கூறுகிறோம்.

1963-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறை. நமக்கு வயது பன்னிரண்டு. அரக்கோணத்திலே இரயில்வேயில் பணியாற்றிய நம் தந்தையார், நண்பர் மூவருடன் அனுமதிச் சீட்டுப் பெற்று, மாமண்டூர்க் காட்டுக்குப் புறப்பட்டார்கள். நம்மையும் உடன் அழைத்துச் சென்றார்கள். அரக்கோணத்தில் வண்டியேறினால் திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா கடந்து மாமண்டூர். வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட தம் முதல் நூலில் சாமளா பள்ளத்தாக்குப் புலியைப் பற்றி எழுதியது இந்தப் பக்கத்துக் காடுகளை வைத்துத்தான்.

ஹோல்டாலில் தந்தையார் கட்டியெடுத்தவை: ஒரு கோரைப்பாய், இரண்டு பருத்திப் போர்வைகள், ஒரு ஜமக்காளம், குறும்பர் நெய்த கருங்கம்பளி ஒன்று. கம்பளி நமக்கென்று ஒதுக்கப்பட்டது. மேலே கம்பளி இருக்கையில் குளிர் என்ன செய்யும் என்று எண்ணினோம்.

முதல் இரவு அந்த எண்ணம் பொய்த்தது. கூடாரத்தை ஓடைக்கரையிலே அடித்திருந்தார்கள். பாயின் மேல் படுத்து, கம்பளியைக் காது வரை இழுத்துப் போர்த்தியும், நள்ளிரவுக்குப் பின் முதுகெலும்பு விறைத்தது. ஒருக்களித்தால் விலா குளிர்ந்தது. குப்புறப் படுத்தால் வயிறு குளிர்ந்தது. கித்தான் கட்டிலில் படுத்திருந்த தந்தையாரும் கட்டிலுக்கு அடியிலே காற்று புகுந்து முதுகைத் துளைத்ததென்று விடியற்காலையில் சொன்னார்கள்.

இரண்டாம் இரவுதான் விபரீதம் நேர்ந்தது. நாம் நடுங்குவதைக் கண்டு இரங்கிய தந்தையாரின் நண்பர் ஒருவர், சமைத்து முடித்த அடுப்பின் தணலை ஒரு மண்சட்டியில் வாரி நம் கூடாரத்துக்குள் வைத்தார். புகையே இல்லை. குளிர் நுழையாதபடி வாயிலை இறுகக் கட்டி, அவரும் நம்மோடு படுத்தார். அன்னையின் மடியிலே கிடப்பது போன்ற கதகதப்பு. உடனே உறங்கிவிட்டோம்.

அடுத்து நம் நினைவில் இருப்பது, யாரோ நம் இரு கால்களையும் பற்றி வெளியே இழுப்பது. தலை பிளந்து விடும் போல் வலித்தது. வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. எழுந்து நிற்க முயன்றோம். கால்கள் நம்முடையவையாக இல்லை. அருகிலே அந்த நண்பரும் மண்ணிலே கிடந்து முனகினார். நம்மை இழுத்தவர், காட்டில் வழிகாட்டுவதற்காக உடன் வந்திருந்த யானாதி இனத்துப் பெரியவர். தணற்சட்டி உள்ளே போனதைக் கண்டது முதல் அவருக்கு உறக்கம் வரவில்லையாம். வெளியிலிருந்து இருமுறை குரல் கொடுத்தும் பதில் இல்லாமற்போகவே, கத்தியால் கட்டை அறுத்துத் திறந்திருக்கிறார்.

கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் உயிர்க்காற்றின் இடத்தைத் தான் பிடித்துக் கொள்கிறது. உறங்குகிறவன் உறக்கத்திலேயே இறந்து போவான். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் அறைக்குள் கரி மூட்டிப் படுத்து மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. இவையெல்லாம் பிற்காலத்தில் படித்தறிந்தவை. அன்றோ, தந்தையார் நம்மை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மியதைத்தான் அறிவோம். அவர்கள் அழுது நாம் கண்டது அது ஒருமுறையே.

மூன்றாம் நாள் மாலை அப்பெரியவர் நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். ஓடைக்கரை வேண்டாம், குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்திலே வந்து தேங்கும் என்றார். சற்றே மேட்டில், பட்ட கிளைகள் இல்லாத அடர்ந்த மரமொன்றின் கீழ் இடம் பார்த்தார். திறந்த வானத்தின் கீழ் படுத்தால் பனி நேரே போர்வைமேல் இறங்கும். இலைக்கூரை அதைத் தடுக்கும். பின்பு உலர்ந்த புல்லையும் சருகையும், தேள் பூரான் இராதபடி கோலால் அடித்து உதறி, ஒரு முழ உயரம் குவித்தார். அதன்மேல் இரண்டு கோணிப்பைகள், அவற்றின்மேல் பாய், பாயின்மேல் ஜமக்காளம். நாம் படுத்ததும் அந்த ஒரு முழம் நான்கு விரற்கடையாக அமுங்கிற்று. அது போதும் என்றார்.

"பூமி உன்மேல் குளிரை ஏவுவதில்லை. உன் சூட்டை அது குடிக்கிறது. குடிக்க விடாதே" என்று தெலுங்கிலே அவர் சொன்னதன் பொருள் இன்றும் நம் காதில் ஒலிக்கிறது.

வேர்வை பட்ட சட்டையைக் கழற்றி உலர்ந்ததை அணியச் சொன்னார். சூடான கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கச் சொன்னார். தலையில் துண்டைக் கட்டினார். ஆனால் மூக்கைப் போர்வைக்குள் புதைக்க விடவில்லை. மூச்சின் ஈரம் போர்வையை நனைக்குமாம். அன்றிரவு நமக்குக் கம்பளி ஒன்றே போதுமானதாயிருந்தது.

நடு இரவில் விழித்தபோது அவரைக் கண்டோம். எஞ்சிய நெருப்பின் அருகே, வேட்டியோடு, ஒரே ஒரு கோணியைப் போர்த்தி அமர்ந்திருந்தார். கோணிகள் மொத்தம் மூன்று. இரண்டு நம் முதுகின் கீழே இருந்தன. விடிந்ததும் இதைத் தந்தையாரிடம் கூறினோம். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. ஊர் திரும்பும் வேளையில் அந்தக் கருங்கம்பளியை மடித்து அவர் தோளிலே இட்டார்கள். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பள்ளியில் படித்தபோதெல்லாம் நமக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அந்த வள்ளலல்லர். இரண்டு கோணிகளை ஈந்து ஒன்றோடு விழித்திருந்த அந்த ஏழையே.

வேட்டையில் அம்முறை ஒரு காட்டுப்பன்றியும் அகப்படவில்லை. தந்தையார் அதன்பின் துப்பாக்கி தூக்கிச் சென்றதுமில்லை. அந்தச் சேஷாசல மலைக்காடுகள் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன.

பேரனுக்கு நாம் எழுதியது இதுவே: உறக்கப்பைக்கென்று வைத்திருக்கும் பணத்தையெல்லாம் அதிலேயே செலவிடாதே. உன் உடலின் பாரத்தால் பைக்குள்ளிருக்கும் இறகும் பஞ்சும் அடிப்புறத்தில் நசுங்கிவிடும். நசுங்கியது சூட்டைக் காக்காது. ஆகவே அடியிலே விரிக்கும் மெத்தையை முதலில் வாங்கு. அதன்மேல் 'ஆர்' என்றொரு எண் குறித்திருப்பார்கள். உறைபனித் தரைக்கு அது 4-க்குக் குறையலாகாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை விரித்தால் அவ்வெண்கள் கூடும். மடக்குக் கட்டிலில் படுப்பதாயினும் இம்மெத்தை வேண்டும். உறக்கப்பையில் இரண்டு வெப்ப அளவுகள் இருக்குமாயின், சுகமாக உறங்கும் அளவைப் பார். தாங்கக்கூடிய எல்லையைப் பார்த்து ஏமாறாதே. உள்ளே கம்பளி உடுத்து. அது தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கினாலும் சூடு தரும், பருத்தியோ நனைந்தால் குளிரும். எரியும் எதையும், வாயு அடுப்பானாலும் சரி, மூடிய கூடாரத்தில் வைத்துக்கொண்டு உறங்காதே. கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றை உடன் கொண்டு செல்.

நம் வாசகர்களில் வேட்டை முகாமுக்குப் போவார் எவருமிரார். ஆனால் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது பள்ளிக்கூடங்களின் சிமெண்டுத் தரையிலே இரவைக் கழித்த குடும்பங்கள் எத்தனை! அத்தகைய நாட்களில் நாம் அனைவரும் போர்வைகளைத்தான் அள்ளிக் கொடுக்கிறோம். போர்வையோடு கோணியையும், தடித்த அட்டைப்பெட்டிகளையும், பாயையும் சேர்த்தே கொடுப்போமாக. குழந்தைக்கும் முதியோர்க்கும் கீழே விரித்த பின்னரே மேலே போர்த்துவோமாக.

மடலின் இறுதியில் பேரனுக்கு ஒரு வரி கூட்டினோம்: "நீ கதகதப்பாகப் படுத்த பின், பக்கத்தில் இருப்பவன் எதன்மேல் படுத்திருக்கிறான் என்று ஒருமுறை எழுந்து பார்."